ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் மல்லாக்கொட்டைத் தோல்

எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் ஆறு பேரிடம் கார் இருக்கிறது. சர்வீஸ் பில் வந்த மாதம் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "இந்த ஃபில்டரெல்லாம் நெஜமாவே மாத்தணுமா, இல்ல பில்லைக் கூட்டறதுக்கு எழுதறாங்களா?" முன்பெல்லாம் நானும் அதற்குச் சேர்ந்து தலையாட்டுவேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மாசி மாதத்தில் நடந்ததைப் பார்த்த பிறகு, அந்தக் கேள்விக்கு நாலு பதில் சொல்லவேண்டியிருக்கிறது. டீசல் காரில் ஃபில்டர் நாலு. ஏர் ஃபில்டர், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏசி ஃபில்டர். ஒவ்வொன்றுக்கும் நியாயம் வேறு.

எங்கள் வண்டி 2014 மாடல் டீசல். 61,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது வேலூரிலேயே ஒருவரிடம் வாங்கினோம். வீடு அரியூர் பக்கம். பள்ளி அணைக்கட்டைத் தாண்டி ஒரு கிராமத்தில். ஊசூர் வழியாகத் தினமும் நானே ஓட்டிக்கொண்டு போய் வருகிறேன். கொஞ்சத் தூரம் நல்ல தார் ரோடு. மற்ற இடங்களில் ஏதாவது ஒரு குழாய்க்காகத் தோண்டி, மண்ணைப் போட்டு மூடி, தார் போட மறந்த ரோடு. ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர் லாரி முன்னால் போனால் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பின்தங்கிவிடுவேன். தை, மாசியில் கொள்ளையும் கேழ்வரகையும் ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். வண்டிச் சக்கரம் ஏறி ஏறித்தான் கதிரடிப்பு நடக்கும். உமியும் தூசியும் எழும்பி பானெட்டின் இடுக்குக்குள் போவது கண்ணுக்கே தெரியும். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். களம் இல்லாத ஊரில் ரோடுதான் களம்.

அந்த வருஷம் கார்த்திகையில் விடாத மழை. பள்ளிக்கு லீவு விட்டார்கள். வண்டி ஐந்து நாள் ஷெட்டிலேயே நின்றது. ஷெட்டை ஒட்டிய பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தில் ஆடிப்பட்டத்து மல்லாக்கொட்டை மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அப்போது அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

மார்கழியில் சர்வீஸ் விட்டேன். பில்லில் 'ஏர் ஃபில்டர் கிளீனிங்' என்று ஒரு வரி, 150 ரூபாய். சரி, பார்த்துவிட்டார்கள் என்று இருந்துவிட்டேன்.

மாசி பிறந்ததும் வண்டியில் இழுவை குறைந்தது. தம்பியை ரயில் ஏற்றிவிடப் போனபோது காட்பாடி மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் மிதித்தும் வண்டி எழும்பவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கறும்புகை. பின்னால் பைக்கில் வந்தவர் முகத்தை மூடிக்கொண்டு ஒதுங்கினார், எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. லிட்டருக்கு 19 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 16-க்கு இறங்கியிருந்தது.

ஆரணி ரோட்டில் எங்கள் வீட்டுக்காரருக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக் ஷெட் இருக்கிறது. பாய் முப்பது வருஷமாக டீசல் இன்ஜின் பார்க்கிறவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பானெட்டைத் தூக்கினார், ஏர் ஃபில்டர் டப்பாவின் கிளிப்புகளை விரலால் தள்ளினார், மூடியை எடுத்தார். எடுத்தவர் என்னைக் கூப்பிட்டார். "டீச்சர், இங்க வந்து பாருங்க."

உள்ளே எலிக்கூடு. கோணி நூல், பஞ்சு, பிளாஸ்டிக் கவர் துண்டு, ஒரு கைப்பிடி மல்லாக்கொட்டைத் தோல். ஃபில்டர் பேப்பரின் ஒரு மூலையில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

நான் கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் அதைப் பார்க்கவில்லை. ஃபில்டரைத் தாண்டி இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டார். விரல் செம்மண் பூசிக்கொண்டு வந்தது. அவர் சொன்னது இது: "ஃபில்டரு கறுத்தா கறுக்கட்டும் டீச்சர். அது வேல செஞ்சிருக்குதுன்னு அர்த்தம். அதுக்கு அப்பால கை வெச்சிப் பாருங்க. அங்க மண்ணு இருந்தாதான் இன்ஜினுக்கு ஆபத்து."

அந்த ஒரு விரலில்தான் எனக்கு எல்லாமே புரிந்தது. ஒரு லிட்டர் டீசல் எரிய குறைந்தது 10,000 லிட்டர் காற்று வேண்டும். டீசல் இன்ஜின் தேவைக்கு மேலேயே காற்றை இழுக்கும். டேங்க்கை ஒருமுறை நிரப்பித் தீர்ப்பதற்குள் வண்டி எவ்வளவு புழுதிக் காற்றைக் குடித்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதிலும் நம் ஊர்ப் புழுதி சாதாரண மண் மட்டும் இல்லை. சுற்றிலும் கருங்கல் மலை, கல் குவாரி, கிரஷர். கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் சாதாரண இரும்பை விடக் கடினமானது. அது ஆயிலோடு சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி சிலிண்டரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்க்கும். தேய்ந்த பிறகு இன்ஜின் ஆயிலைக் குடிக்கத் தொடங்கும். அதைத் திரும்பச் சரிசெய்ய இன்ஜினைப் பிரிப்பது தவிர வழியில்லை.

எங்களுக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ விசிறியின் ஓரம் லேசாக மழுங்கியிருந்தது, ஆட்டம் இல்லை. காற்றை அளக்கும் சென்சார் மேல் தூசி படிந்து தப்பான அளவு காட்டியிருக்கிறது. கூடு வேறு வழியை அடைத்திருக்கிறது. குழாய்களைக் கழுவி, சென்சாரை அதற்கான ஸ்ப்ரே போட்டுச் சுத்தம் செய்து, 350 ரூபாய்க்குப் புது ஃபில்டர் போட்டார். எல்லாம் சேர்த்து 2,200 ரூபாய். மேம்பாலத்தில் வண்டி பழையபடி ஏறியது.

சர்வீஸ் விட்ட இடத்துக்குப் போய்க் கேட்டேன். "நாங்க சுத்தம் பண்ணதுக்கு அப்புறம் எலி வந்திருக்கும் மேடம்" என்றார்கள். இருக்கலாம். என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அன்றிலிருந்து இரண்டு பழக்கம் வைத்திருக்கிறேன். டப்பாவைத் திறக்கும்போது பக்கத்தில் நிற்பேன். எதை மாற்றினாலும் பழையதைக் கையில் கேட்டு வாங்குவேன். யாரும் இதுவரை கோபித்துக்கொண்டதில்லை.

ஏர் ஃபில்டரை எப்போது மாற்றுவது? எங்கள் வண்டிக் கையேட்டில் 40,000 கிலோமீட்டர் என்றும், புழுதி ரோட்டில் ஓடினால் அதற்கு முன்பே என்றும் போட்டிருக்கிறது. பெரும்பாலான கம்பெனிக் கையேடுகளில் இப்படிக் கடுமையான உபயோகத்துக்கு ஒரு தனி அட்டவணை இருக்கும். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருப்பதால் யாரும் படிப்பதில்லை. வேலூரிலிருந்து சென்னைக்கு ஹைவேயில் மட்டும் போய்வருகிற வண்டிக்கு 40,000 சரியாக இருக்கலாம். ஊசூர் ரோட்டில் ஓடுகிற என் வண்டிக்கு 15,000-லேயே மடிப்பெல்லாம் செங்கல் நிறம். நான் 15,000-க்கும் 20,000-க்கும் நடுவில் மாற்றிவிடுகிறேன். கதிரடிப்பு முடிந்து கத்திரி வெயில் தொடங்கும் முன் மாற்றினால் எனக்குக் கணக்கு சரியாக வருகிறது.

அதற்காக அடிக்கடி மாற்றினால் நல்லது என்று நினைக்காதீர்கள். இதை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். பேப்பர் மேல் லேசாகத் தூசி படிந்த ஃபில்டர், புத்தம் புது ஃபில்டரை விட நுண்ணிய தூசியை நன்றாகப் பிடிக்கும். படிந்த தூசியே இன்னொரு வடிகட்டி ஆகிவிடுகிறது. காபி டிகாக்‌ஷன் பில்டரில் தூள் படுக்கை அமைந்த பிறகு இறங்குவது தெளிவாக இருக்கிறதே, அந்த மாதிரி. ரொம்பப் படிந்து காற்று நுழையக் கஷ்டப்படும்போதுதான் மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறை டப்பாவைத் திறக்கும்போதும் ஓரத்தில் இருக்கும் மண் உள்ளே விழவும் வாய்ப்பு உண்டு. அதனால் மாதாமாதம் கழற்றித் தட்டிக்கொண்டிருப்பதும் நல்லதில்லை.

பஞ்சர் கடை கம்ப்ரஸரில் காற்று அடித்துச் சுத்தம் செய்வது இங்கே எல்லோரும் செய்கிற வேலை. டயருக்கு அடிக்கிற வேகத்தில் பேப்பர் மேல் அடித்தால் ஊசிமுனை ஓட்டைகள் விழும், கண்ணுக்குத் தெரியாது. அடித்தே ஆக வேண்டும் என்றால் சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் நோக்கி, மெதுவான காற்றில், தள்ளிப் பிடித்து அடிக்க வேண்டும். பேப்பர் ஃபில்டரைத் தண்ணீரில் கழுவவே கூடாது. சுத்தம் செய்த பிறகு ராத்திரி வேளையில் ஃபில்டருக்குப் பின்னால் செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். பேப்பர் முழுக்க மங்கலாக வெளிச்சம் தெரிந்தால் இன்னும் ஓடும். எங்காவது ஒரு புள்ளி பளிச்சென்று தெரிந்தால் அது ஓட்டை. அப்போதே தூக்கிப்போட வேண்டியதுதான்.

மைலேஜ் விஷயத்தில் ஒன்று சொல்லவேண்டும். 'ஏர் ஃபில்டர் மாத்தினா மைலேஜ் கூடும்' என்று எல்லா மெக்கானிக்கும் சொல்வார்கள். கம்ப்யூட்டர் இல்லாமல் பெட்ரோலையும் காற்றையும் கலந்து விடுகிற கார்புரேட்டர் வைத்த பழைய அம்பாசிடர் காலத்தில் அது உண்மை. இன்றைய பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் எவ்வளவு காற்று வருகிறதோ அதற்குத் தகுந்த பெட்ரோலை மட்டும் கம்ப்யூட்டர் விடும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009-இல் வெளியிட்ட சோதனையில், ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து ஓட்டியபோதும் இந்த மாதிரி வண்டிகளில் மைலேஜ் பெரிதாக மாறவில்லை, பிக்கப்தான் குறைந்தது. என் வண்டியில் மைலேஜ் விழுந்தது எலிக்கூடும் சென்சாரும் சேர்ந்து செய்த வேலை. சாதாரணமாக அழுக்கான ஃபில்டரை மாற்றிவிட்டு லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் கூடும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். மாற்றுவது இன்ஜினின் ஆயுளுக்காக.

புது ஃபில்டர் போட்ட பிறகும் ஒரு வேலை இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை டப்பாவின் பள்ளத்தில் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒரு கிளிப் உடைந்திருந்தாலும், ரப்பர் ஒரு இடத்தில் மடிந்திருந்தாலும், எத்தனை விலை கொடுத்து வாங்கிய ஃபில்டரும் வீண்தான். காற்று சுலபமான வழியில்தான் போகும்.

ஆயில் ஃபில்டரில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. ஒவ்வொரு ஆயில் மாற்றும்போதும் அதுவும் மாற வேண்டும். எங்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முன்னால் வருகிறதோ அது. எங்கள் தெருவில் ஒருவர் ஆயிலை மட்டும் மாற்றி ஃபில்டரை அடுத்த முறைக்குத் தள்ளுவார். தயிர்ப் பாத்திரத்தைக் கழுவாமல் புதுப் பால் ஊற்றுவது போலத்தான் அது. பழைய ஆயில் கொஞ்சம் ஃபில்டருக்குள்ளேயே தங்கிப் புதியதோடு கலந்துவிடுகிறது. இதை விட முக்கியமான காரணமும் உண்டு. ஆயில் போகும் வழியில் ஒரு பைபாஸ் வால்வு வைத்திருப்பார்கள். ஃபில்டர் அடைத்துவிட்டால் இன்ஜின் ஆயில் இல்லாமல் சாகக்கூடாது என்று அது திறந்து, வடிகட்டாத ஆயிலை அப்படியே அனுப்பும். டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாது. வண்டி நன்றாகத்தான் ஓடும். சத்தமில்லாமல் தேயும். சில நூறு ரூபாய்க்காக இதில் கை வைக்கக் கூடாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

டீசல் ஃபில்டர் தண்ணீரையும் பிரித்து நிறுத்துகிறது. மழைக்காலம் முடிந்ததும் பாய் அதன் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக் காட்டினார். மேலே டீசல், அடியில் ஒரு விரல்கடை தண்ணீர். எல்லா சிலிண்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜினில், டீசல் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில், அதாவது காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல், முடியளவே உள்ள மெல்லிய துளை வழியாகப் பாய்கிறது. அங்கே தண்ணீர் போனால் துரு. எங்கள் வண்டிக்கு டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒன்று பத்தாயிரத்துக்கு மேல், நாலு இன்ஜெக்டர். அதனால் மழை முடிந்ததும் தண்ணீரை இறக்கச் சொல்கிறேன், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஃபில்டரை மாற்றுகிறேன். பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு. இப்போது பல பெட்ரோல் கார்களில் அந்த ஃபில்டர் டேங்குக்குள் பம்போடு சேர்ந்தே இருக்கும், வழக்கமான சர்வீஸில் அதைத் தொட மாட்டார்கள்.

கடைசியாக ஏசி ஃபில்டர். இது இன்ஜினுக்காக இல்லை, நமக்காக. ஆனாலும் எல்லோரும் மறப்பது இதைத்தான்.

எங்கள் அத்தைக்கு மூச்சிளைப்பு உண்டு. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போவேன். போன வருஷம் கத்திரியில், வெயில் 40 டிகிரியைத் தாண்டிய நாட்களில், ஏசி போட்டதும் ஈரக் கோணிப்பை வாடை வந்தது. ப்ளோயரை நாலில் வைத்தாலும் காற்று ஒன்றில் வருவது போலத்தான் வந்தது. அத்தை ஏறி உட்கார்ந்ததும் தும்முவார், பிறகு முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வார். "ஏசி வேணாம்மா, கண்ணாடியை எறக்கிடு" என்பார். கேஸ் போயிருக்கும் என்று நினைத்து ஏசி கடைக்குப் போகக் கிளம்பினேன். போகும் முன் பாய்க்குப் போன் செய்தேன். "மொதல்ல குளோவ் பாக்ஸைக் கழட்டுங்க டீச்சர்" என்றார்.

இரண்டு பக்கமும் உள்ளே அமுக்கினால் குளோவ் பாக்ஸ் இறங்கிவிடுகிறது. பின்னால் ஒரு சின்ன மூடி. அதை எடுத்து ஃபில்டரை இழுத்தேன். வேப்ப மரத்தடியில் நிறுத்துகிற வண்டி. காய்ந்த வேப்பம்பூ, இலைக் காம்பு, குருவி இறகு, எறும்பு, ஈரத்தில் பூத்த கறுப்புப் பூஞ்சை. வாங்கியதிலிருந்து யாரும் அதை மாற்றவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. அத்தை மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை பயணங்களும் ஞாபகத்துக்கு வந்தன. ரொம்ப நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

புதியது 300 ரூபாய். மாற்ற எனக்குப் பத்து நிமிஷம். ஃபில்டர் ஓரத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும், காற்று போகும் திசைக்கு அதைத் திருப்பி வைக்க வேண்டும், அவ்வளவுதான். அத்தைக்கு இளைப்பு குறைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு டாக்டரும் மருந்தும் இருக்கிறார்கள். ஏறியதும் வரும் தும்மல் நின்றது, முந்தானை மூக்குக்குப் போவது நின்றது. கேஸ் நிரப்ப ஆகியிருக்கும் செலவும் மிச்சம். இப்போது வருஷத்துக்கு ஒருமுறை, வேப்பம்பூ உதிர்ந்து முடிந்ததும் மாற்றிவிடுகிறேன். தோல் தொழிற்சாலை வாடை அடிக்கிற பக்கம் தினமும் போகிறவர்கள் கார்பன் சேர்த்த ஃபில்டர் கேட்டு வாங்கலாம். விலை கொஞ்சம் கூட, ஆனால் வாடையைக் குறைக்கும். சாதாரணப் பேப்பர் தூசியை மட்டும்தான் பிடிக்கும். லாரிப் புகையில் இருக்கும் விஷவாயுவை அது தடுக்காது.

கடையில் வாங்கும்போது பில் கேளுங்கள். டூப்ளிகேட் ஃபில்டர் நிறைய சுற்றுகிறது. பழையதைக் கையோடு கொண்டுபோய் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். போலியில் மடிப்பு எண்ணிக்கை குறைவாக இருக்கும், ரப்பர் பட்டை அமுக்கினால் பிளாஸ்டிக் மாதிரி விறைப்பாக இருக்கும், பசை விட்டிருக்கும்.

எலி விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். புகையிலை, அந்துருண்டை எல்லாம் வைத்துப் பார்த்தேன், பலனில்லை. பாய் காற்றை உறிஞ்சும் வாயில் அகலக் கண் கொண்ட துருப்பிடிக்காத கம்பி வலையைக் கட்டிவிட்டார். சின்னக் கண் வலை கட்டினால் தூசி அடைத்துக்கொள்ளும் என்று அவரே எச்சரித்தார். பக்கத்து வீட்டாரிடம் பேசினேன். மூட்டைகளை உள் அறைக்கு மாற்றிக்கொண்டார்கள், அடுத்த அறுவடையில் எனக்கு ஒரு படி மல்லாக்கொட்டையும் கொடுத்தார்கள். மழை லீவில் வண்டி இரண்டு நாளுக்கு மேல் நின்றால் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சாவி போடுகிறேன்.

புது ஃபில்டரின் பிளாஸ்டிக் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் தேதியும் கிலோமீட்டரும் எழுதி வைக்கிறேன். சர்வீஸில் யாராவது 'மாத்திட்டோம் மேடம்' என்றால் அதைப் பார்த்தாலே போதும். இப்போது உள்ளே இருப்பதில் 97,400 என்று எழுதியிருக்கிறது. வண்டி 1,09,000 தாண்டிவிட்டது. ஊசூர் ரோட்டில் நேற்று கொள்ளு பரப்பியிருந்தார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை திறக்கிறேன். டார்ச் பிடிக்க அத்தை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.